கட்டைச் சத்தமாக அனுப்பச் சொன்னது ஏன்

அன்புள்ள பட்டாணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், காது சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அங்கே நீயும், நீ காவல் இருக்கும் அந்த நெட்டை ரேடியோக் கோபுரமும் காற்றிலும் குளிரிலும் அசையாமல் நன்றாக நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எனக்கு அழுகை வந்துவிடும், நீயும் அங்கே அழுவாய், இரண்டு பேரும் மூக்கைச் சிந்துவதைக் கேட்பதற்கா இவ்வளவு தூரம் கம்பி இழுத்து வைத்திருக்கிறார்கள். காகிதம் என்றால் நான் பாட்டுக்கு எழுதுவேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து விட்ட இடத்தில் தொடர்வேன். நான் தையல் வேலை பார்க்கும் சலவைக் கடையில் இப்போது கோட்டு நேரம், குளிர் வரப்போகிறது என்று எல்லோரும் போன வருஷத்துக் கோட்டைக் கொண்டுவந்து இடுப்பில் இரண்டு விரல் தளர்த்தச் சொல்கிறார்கள். ஒருவராவது நான் பெருத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டுமே, எல்லாரும் துணி சுருங்கிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள், நானும் ஆமாம் துணிதான் என்று சொல்லிக்கொண்டே தையலைப் பிரிக்கிறேன். உன் அண்ணன் புது வீட்டுக்குக் குடி போய்விட்டான். அவன் சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் கதவு திறந்த வீடு மாதிரி இருக்கிறது.

போன கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அதற்கு முந்தைய கடிதத்திலும் அதையேதான் கேட்டாய். அப்பாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று. போனில் கூப்பிட்டால் உம் உம் என்று இரண்டு உம் கொட்டிவிட்டு அம்மாகிட்ட பேசு என்று கொடுத்துவிடுகிறார், பக்கம் பக்கமாகச் செய்தி அனுப்பினால் சரி என்று ஒரே வார்த்தையில் பதில் வருகிறது, இவ்வளவு தொலைவு வேலைக்கு வந்தது பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லட்டுமே என்று எழுதியிருந்தாய். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சோதனை ஒலிபரப்பு விஷயம். புது இயந்திரம் வைத்ததற்காக உன் மேலதிகாரி ஒரு தரம் முழு சக்தியில் அனுப்பிப் பார்க்க அனுமதி கொடுத்ததும், நீ துள்ளிக் குதித்துக்கொண்டு, நான் மைக்கில் பேசுகிறேன், அப்பா ரேடியோவில் என் குரலைப் பிடிக்கட்டும் என்று சொன்னாய். அதற்கு இவர் என் மூலமாகச் சொல்லி அனுப்பியது, குரல் எல்லாம் வேண்டாம், தந்தி ஆபீசில் தட்டுவது மாதிரி டிட் டா என்று அனுப்பு, அதையும் கட்டைச் சத்தமாக அனுப்பு என்பதுதான். ஊரில் எல்லா அப்பாவுக்கும் மகள் குரலைக் கேட்க ஆசை, எங்கப்பாவுக்கு மட்டும் என் குரல் கூட வேண்டாம், ஒரு ஆந்தை அலறினால் போதும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று ஒரு கோட்டின் கைப்பகுதியை உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றித் தைத்துவிட்டேன், என் புத்தி என்னிடம் இல்லை. உனக்குப் பதில் எழுதவும் முடியவில்லை, ஏனென்றால் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது அந்த வாக்கு தீர்ந்துவிட்டது. அப்பாவே எழுதச் சொல்லிவிட்டார்.

கோபம் இல்லையம்மா. காது கேட்கவில்லை. இத்தனை வருஷம் லிஃப்ட் மோட்டார் அறைகளில் தலையை நுழைத்து வேலை பார்த்ததில் காது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போயிருக்கிறது. ஒரேயடியாகச் செவிடு என்று நினைக்காதே. கட்டைச் சத்தம் எல்லாம் இப்போதும் நன்றாகக் கேட்கிறது, மோட்டார் உறுமுவது, லாரி போவது, கதவு மோதுவது. மெல்லிசாக இருப்பதுதான் முதலில் போனது. குருவி, கரண்டி, அடுப்பில் தண்ணீர் கொதிப்பது, அப்புறம் நான், அப்புறம் நீ. நான் எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார், முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் பதில் வராது. நான் எல்லாப் புருஷனும் இப்படித்தானே, கலியாணம் பழசானால் காதில் பஞ்சு வந்துவிடும் என்று நினைத்து வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டேன். போனில் உதடு இல்லை. படம் தெரிகிற போனில் உதடு ஒரு பக்கம் போகிறது வார்த்தை இன்னொரு பக்கம் போகிறது. நீ பேசும்போது அவருக்குக் கேட்பது என்ன தெரியுமா, நான் கேட்டேன், சொன்னார், பக்கத்து ரூம்ல யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கும், என்ன சிரிப்புன்னு தெரியாது, அவ்வளவுதான் என்றார். உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். புள்ள தனியா இருக்கு, தூரத்துல இருக்கு, இதுக்கு விழுந்தடிச்சு கெளம்பி வந்துடும் என்றார். உன்னைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன.

சரி, ரேடியோவுக்கு வருகிறேன், அது இல்லாமல் இந்தக் கதை நிற்காது. உனக்கு அங்கே வேலை கிடைத்த மாதமே இவர் அந்தப் பெரிய ரேடியோவை வாங்கி வந்ததும், பால்கனியிலிருந்து மேலே தண்ணீர்த் தொட்டி வரை கம்பி கட்டியதும் உனக்குத் தெரியும். கம்பி கட்டியது தெரியாமல் நான் அதில் ஈரப் போர்வையைக் காயப்போட்டு, எங்கேயோ கடல் கடந்து பாடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை நடுப்பாட்டில் கழுத்தை நெரித்துவிட்டேன். அன்றைக்கு உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் போர்வை தானாகவே காய்ந்திருக்கும். உன் ஸ்டேஷனைக் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் கேட்கலாமே, எதற்கு இந்தக் கம்பியும் கூத்தும் என்று கேட்டதற்கு, அது கொழாய்த் தண்ணி, இது மழை என்றார். அதன் பிறகு இவருக்கு இரண்டு கூட்டாளிகள் சேர்ந்தார்கள், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர், பல் டாக்டரம்மா ஒருவர். கண்ணாடிக்காரர் சட்டம் பேசுகிறவர், டாக்டரம்மா சத்தம் போட்டுச் சிரிக்கிறவர். என்னை அக்கா என்றும் அப்பாவை அண்ணன் என்றும் கூப்பிட்டுக்கொண்டு விடியற்காலையில் வந்து நம் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அப்பாவும் கண்ணாடிக்காரரும் புத்தகம் வாங்கி வைத்து அந்தத் தந்தித் தட்டலையும் அங்கேதான் படித்தார்கள். மேஜை மேலே இரண்டு கடிகாரம், ஒன்று நம் நேரம், இன்னொன்று உலக நேரம். இந்த ரேடியோக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த ஒரு நேரத்தில்தான் எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம். கேட்ட ஸ்டேஷனுக்கு இன்ன நாள், இன்ன நேரம், இன்னது கேட்டேன் என்று எழுதிப் போட்டால், அவர்கள் சரிபார்த்து, ஆமாம் எங்களைத்தான் கேட்டீர்கள் என்று ஒரு அட்டை அனுப்புவார்கள். காதால் கேட்காததைக் கேட்டேன் என்று எழுதுவது அவர்களுக்குத் திருட்டை விடப் பெரிய பாவம்.

முதலில் நான் முணுமுணுத்துக்கொண்டேதான் டீ போட்டுக் கொடுத்தேன். அப்புறம் எனக்கே அது பிடித்துப்போனது என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சூரியன் இருக்கும்வரை இந்த மத்திய அலை பக்கத்து ஊரைத் தாண்டாது, இருட்டில்தான் உயரே ஏறி எங்கேயோ முட்டி, எங்கேயோ இறங்குமாம். விடிவதற்குச் சற்று முன்னால் ஒரு நேரம் இருக்கிறது பார், ஜன்னலில் கறுப்பு நீலமாகிக்கொண்டிருக்கும், தெருவிளக்கு எரியும் ஆனால் வெளிச்சம் தராது, அந்த நேரத்தில் ரேடியோவில் இரைச்சல் அப்படியே மெதுவாக விலகி உள்ளே இருந்து ஆட்கள் வருவார்கள். தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுவது மாதிரி ஒருவர் ஏதோ விலை சொல்கிறார், மீன் விலையாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொள்வேன். ஒரு பெண் ஏதோ ஊரில் மழை வரும் என்கிறாள், பாஷை தெரியாது, ஆனால் மழையைச் சொல்லும்போது எல்லாப் பாஷையிலும் குரல் கொஞ்சம் தாழ்கிறது. யாரோ யாருக்கோ பிறந்தநாள் பாட்டு போடுகிறார்கள். பெருகிப் பெருகி வந்து, இதோ கேட்டுவிட்டோம் என்னும்போது மங்கிப் போகிறது. நான் ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன், கோத்த நூல் அப்படியே கையில் இருக்கும், தைக்க மறந்துவிடுவேன். ஒவ்வொரு நாள் எனக்கு நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேனா என்றுகூடச் சந்தேகம் வந்துவிடும். நடுவில் எங்கேயோ, உனக்கும் எங்களுக்கும் இடையில் உள்ள அந்த இருட்டில், மிதந்துகொண்டிருப்பது மாதிரி இருக்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருப்பார். அவரும் மிதக்கிறார் என்று நினைத்தேன்.

இனி நடந்ததைக் கேள். நீ சோதனை ஒலிபரப்பு சனிக்கிழமை என்று எழுதி, உலக நேரத்தையும் எழுதி அனுப்பியிருந்தாய். கண்ணாடிக்காரர் அதை வாங்கிப் பார்த்து, அண்ணே, இங்க கணக்குக்கு விடியற்காலை வருது என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை விடியற்காலை மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார், ரேடியோவுக்குக் கண் இருக்கிறது போல. நான் பாத்திரம் சத்தம் போடாமல் சுவரோரமாக நின்றேன். உன் அலைவரிசையில் வெறும் இரைச்சல்தான் வந்தது. அப்பா ரேடியோவுக்கு முன்னால் பிரசவ வார்டு வாசலில் நிற்கிற ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் ஆனது. டாக்டரம்மா திடீரென்று கையை உயர்த்தி, வந்துடுச்சு, வந்துடுச்சு என்றார். கண்ணாடிக்காரரும் தலையைச் சாய்த்து, ஆமா, கட்டையா, ரொம்ப மங்கலா என்றார். அப்பா கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார், கண்ணோரம் ஈரம். எனக்கு ஒரு எழவும் கேட்கவில்லை, என் காதுக்குப் பழக்கம் போதாது என்று நினைத்துக்கொண்டு நானும் அழுதேன். டாக்டரம்மா என்னைக் கட்டிப் பிடித்தார். பிறகு கண்ணாடிக்காரர் உன் ஸ்டேஷனுக்கு அனுப்புவதற்காகக் காகிதத்தை எடுத்து நாளை எழுதப் போனார், பேனா நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நமக்குச் சனிக்கிழமை விடியும்போது உலக நேரத்தில் இன்னும் வெள்ளிக்கிழமையே முடியவில்லையாம். நீ சொன்ன சனிக்கிழமை இங்கே ஞாயிற்றுக்கிழமை விடியலில்தான் வருமாம். ஒரு நாள் முன்னாலேயே வந்து உட்கார்ந்து, நீ அனுப்பாததை மூன்று பேரும் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் சிரித்தது நான்தான், அடக்க முடியவில்லை. அப்புறம் டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் மொகத்த பாத்தேன் அக்கா, கேட்டுட்டா நல்லா இருக்குமேன்னு நெனைச்சேன், நெனைச்சது வாயில வந்துடுச்சு என்றார். கண்ணாடிக்காரர், டாக்டர் சொன்னதும் எனக்கும் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு, சத்தியமா ஏமாத்தல என்று காகிதத்தை மடித்தார். நான் அப்பா எப்போது கத்தப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு, எனக்கு இன்னைக்கு மட்டும் இல்ல, ரொம்ப நாளாவே பாதிக்கு மேல கேக்கல, நீங்க தலையாட்டுனா நானும் ஆட்டுவேன் என்றார். காது மந்தம் என்பது எனக்குத் தெரியும், இந்த அளவு என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எழுந்து போய்ச் சுவரில் ஒட்டியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தான் உண்மையில் கேட்டதை விட்டுவிட்டு, தலையாட்டி வாங்கியதை எல்லாம் நகத்தால் நெம்பி எடுத்தார். சுவர் பாதி வெறுமையாகிவிட்டது. அதைச் செருப்புப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் கேளுங்க, நான் வரல என்று படுக்கப் போய்விட்டார். அன்று மதியம் நான் சமைத்ததைச் சாப்பிட்டார், உப்பு இல்லை என்று கூடச் சொல்லவில்லை, உப்பு போட நான் மறந்திருந்தேன்.

பட்டாணி, எனக்கு அப்போது எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா. ஒரு தடவைதான் அனுமதி என்று நீ எழுதியிருந்தாய். இவர் எழுந்து வந்து உட்காரவில்லை என்றால் நீ அங்கே உட்கார்ந்து அனுப்பியது இங்கே யாருக்கும் இல்லாமல் போகும். நீயும் உன் கேள்வியோடு இருப்பாய், இவரும் தன் காதோடு இருப்பார், நான் நடுவில் ஊசியும் நூலுமாக எத்தனை நாள் உங்கள் இருவரையும் சேர்த்துத் தைத்துக்கொண்டிருப்பது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் கூட்டாளிகள் இரண்டு பேரும் பூனை மாதிரி வந்தார்கள். டாக்டரம்மா கதவருகிலேயே, அண்ணன் வாயத் தொறக்கிற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் மூச்சு விட மாட்டோம் என்று சொன்னார். முந்தின நாள் வந்த இரைச்சலில் பாதி நம் கட்டடத்தின் இரைச்சல் என்று கண்ணாடிக்காரர் சனிக்கிழமை போகும்போதே சொல்லியிருந்ததால் நான் ஒவ்வொரு மாடியாக இறங்கிக் கதவைத் தட்டினேன். எல்லாரிடமும் சனிக்கிழமை மாலையே சொல்லி வைத்திருந்தேன், இருந்தாலும் தூக்கக் கலக்கத்தில் மறந்திருப்பார்களே. மாடிப்படி விளக்கை அணைத்தார்கள், போன் சார்ஜரைப் பிடுங்கினார்கள், கீழ் வீட்டுக்காரர் மீன் தொட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு, ரொம்ப நேரம் ஆக்கிடாதீங்க, மீன் பாவம் என்றார். உனக்காக மீனெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்.

பாக்கி இருந்தது லிஃப்ட். நம் வீடு மேல்மாடி, மோட்டார் அறை நம் தலைக்கு நேர் மேலே. லிஃப்ட் ஓடாமல் சும்மா நின்றாலும் அந்த அறையில் இருக்கிற பெட்டி உர்ர் என்று ஒரே மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும், நமக்குப் பழகிப் பழகி அது கேட்பதே இல்லை. சாவி அப்பா சட்டைப் பையில். எடுத்துக்கொண்டு மேலே போனேன். லிஃப்ட் வண்டி காலியாகக் கீழ்த்தளத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கதவில் பழுது பார்க்கப்படுகிறது என்ற பலகையையும் மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன், இத்தனை வருஷம் லிஃப்ட்காரருக்கு வாழ்க்கைப்பட்டு இது கூடத் தெரியாவிட்டால் எப்படி. பெரிய விசையைக் கீழே இழுத்தேன். அந்த உறுமல் நின்றது. கட்டடமே ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்த மாதிரி அவ்வளவு அமைதி. நான் படியிறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன், அப்பா படுக்கையறை வாசலில் பனியனோடு நிற்கிறார், லிஃப்ட் ஏன் நின்னுச்சு, யாரு நிறுத்துனது என்கிறார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர் நல்ல காதோடு இருந்தோம், சமையலறையில் இருந்த இரண்டு பேருக்கும் அது நின்றது தெரியவில்லை. போர்வைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவர் முகத்துக்கு நேராகப் போய், நின்னது கேட்டுச்சா என்று கேட்டேன். கேக்காம என்ன என்று எரிந்து விழுந்தார், பிறகுதான் தான் சொன்னது தனக்கே எட்டியது போல என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாக்கி எங்களுக்கு ஸ்பீக்கரைக் குறைவாக வைத்தார்.

ஜன்னல் நீலமாகிக்கொண்டு வந்தது. இரைச்சல் இருந்தது, ஆனால் முந்தின நாள் மாதிரி இல்லை, மெத்தென்று, தூரத்தில் மழை பெய்வது மாதிரி இருந்தது. யாரோ ஒரு பாட்டுக்காரர் ஓரமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நேரம் ஆனது, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. கூட்டாளிகள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அப்பாவின் ஆள்காட்டி விரல் மேஜை மேல் தானாகவே அசைந்தது. நீளம், குட்டை, நீளம். நான் அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கேட்டது. இரைச்சலுக்கு அடியில், கட்டையாக, யாரோ தூக்கத்தில் முனகுவது மாதிரி, வந்துகொண்டிருந்தது. பெருகியது, மங்கியது, மறுபடி பெருகியது. நீதான் கையால் தட்டுகிறாய் என்று எனக்குச் சத்தியமாகத் தெரிந்தது, இயந்திரம் தட்டினால் அப்படி நடுவில் ஒரு தயக்கம் இருக்காது. உனக்கு அங்கே இரவு, எங்களுக்கு இங்கே காலை, நடுவில் எத்தனை கடல், எத்தனை ஊர் தூங்கிக்கொண்டிருந்ததோ, அத்தனையின் மேலாகவும் உன் விரல் வந்து எங்கள் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனாலும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது.

அப்பா முதலில் உன் ஸ்டேஷன் பெயரைச் சொன்னார், வாயசைவு மாதிரி, சத்தமே இல்லாமல். அது மூன்று தரம் வந்தது. பிறகு ஒரு இடைவெளி. பிறகு ஆங்கில எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார், கே, ஓ, பி, ஏ, எம், ஏ. அதோடு நிறுத்திவிட்டு மூச்சை இழுத்தார். பிறகு ஏ, பி, பி, ஏ. விரல் நின்றுவிட்டது. அதற்குள் பாட்டுக்காரர் மறுபடி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டார், ஜன்னலில் வெளிச்சம் வந்துவிட்டது. கோபமா அப்பா. அந்தக் கேள்வியை நீ எனக்கு எழுதியது அவருக்குத் தெரியாது, நான் மூச்சு விட்டதில்லை. யார் தலையாட்டலைப் பார்த்தும் அவர் அதைச் சொல்லியிருக்க முடியாது. கண்ணாடிக்காரர் கையில் இருந்த காகிதத்தில் அவரும் அந்த எழுத்துகளை எழுதியிருந்ததைப் பார்த்தேன், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். டாக்டரம்மாவும் பையை எடுத்துக்கொண்டார். டீ கூடக் குடிக்காமல், அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு சத்தமும் போடாமல், கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். நல்லவர்கள்.

அப்பா ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அவ ஏன் இத கேக்குறா என்றார். நான் எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி, மெதுவாக, நீ எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். உம் கொட்டியது, சரி என்று எழுதியது, குரல் வேண்டாம் என்றது, அந்த ஆந்தையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் அழுததை நான் உனக்கு எழுதப் போவதில்லை, எழுதினால் எனக்குத் திட்டு விழும். நான் நல்லதுன்னு நெனைச்சு மறைச்சேன், அது அவளுக்குக் கோவமா தெரிஞ்சிருக்கு, எல்லாத்தையும் எழுதிடு, ஒண்ணும் விடாத என்றார். நான் விசையைப் போட மறந்து, முதல் மாடிப் பெண்மணி பால் வாங்கிக்கொண்டு படியேறி வந்து கதவைத் தட்டியதும்தான் எங்களுக்கு உலக ஞாபகம் வந்தது. காது டாக்டரிடம் போகலாம் என்று நான் எத்தனையோ தடவை கெஞ்சியும் நகராதவர், மறுநாள் தானாகவே போய் நாள் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். கருவி வைத்தால் கொஞ்சம் தெளியும் என்கிறார்கள், உன் குரல் அளவுக்குத் தெளியுமா என்பது வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு ஆசை இருக்கிறது, உனக்கு ஆசை காட்ட மாட்டேன்.

நீ உடனே பெட்டியைக் கட்டாதே, அவர் பயந்ததை உண்மையாக்கிவிடாதே, விடுமுறை வரும்போது வந்தால் போதும். போனில் பேசும்போது மெதுவாக, தொண்டைக்கு அடியிலிருந்து பேசிப் பார், வேகமாகக் கொட்டாதே. செய்தி அனுப்பினால் கேள்வியாகக் கேள், சரி என்று தப்பித்துக்கொள்ள முடியாதபடி. வேளைக்குச் சாப்பிடு, உன் போட்டோவில் கழுத்து எலும்பு தெரிகிறது. காற்று அடிக்கும்போது கோபுரத்தில் ஏறாதே, உன் மேலதிகாரி சொன்னாலும் ஏறாதே, எங்கம்மா வேண்டாம் என்றார்கள் என்று சொல். நீ போன தடவை விட்டுப் போன பச்சைக் கோட்டின் கையை இறக்கி, உள்ளே புதுத் துணி வைத்துத் தைத்துவிட்டேன், இந்த வாரம் அனுப்புகிறேன், பெட்டி வந்ததும் மறக்காமல் ஒரு வரி எழுது. எந்தக் குறையும் இல்லாமல், நல்ல துணையோடும் நல்ல பேரோடும், நெடுநாள் நீ நன்றாக இருக்க வேண்டும். உன் தலையில் என் கை இருப்பதாக நினைத்துக்கொள். கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லி அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், விடுகிறேன்.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா

அன்புள்ள மகளுக்கு, உன் ஒலிபரப்பு இங்கே கிடைத்தது. நாள், உலக நேரப்படி சனிக்கிழமை. இரைச்சல் உண்டு. மங்கி மங்கி வந்தது, ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. பக்கத்தில் யாரும் சொல்லித்தரவில்லை, நானே கேட்டேன். கேட்டிருந்த கேள்விக்குப் பதில்: இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

அப்பா